லேசாகப் பட்டது, அப்புறம் நின்றுவிட்டது

கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். "நாள் தள்ளிப்போச்சு, அப்புறம் லேசா ரத்தம் பட்டுச்சுக்கா, அப்ப கர்ப்பம் இல்லதானே?" என்று பக்கத்து சீட்டுப் பிள்ளை காதோடு கேட்டாள்.

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. கரு கருப்பையில் ஒட்டும் சமயத்தில் சிலருக்குப் பழுப்பாகவோ ரோஸ் நிறத்திலோ ஓரிரு நாள் துளித்துளியாகப் படும், அதை மாதவிடாய் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். அவசர கருத்தடை மாத்திரை போட்டாலும் இடையில் ரத்தம் வரலாம், அடுத்த மாதவிடாயும் முன்பின் ஆகலாம்.

கணக்குப் போட்டுக் குழம்புவதைவிட கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கிப் பார்ப்பது மேல். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடம் கேட்டால் இலவசமாகவே கிடைக்கும். மருந்துக்கடையில் பேப்பரில் சுற்றி ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி நீட்டுவார்கள், வெட்கப்படாமல் வாங்குங்கள். நாள் தள்ளிய பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் கர்ப்பம்தான். ஒரே கோடு வந்தும் தீட்டு வரவில்லையா, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

கர்ப்பம் இல்லை, ஆனால் மாதாமாதம் தாறுமாறு என்றால் தைராய்டு, நீர்க்கட்டி என்று காரணம் பல. சுழற்சி 21 முதல் 35 நாளுக்குள் இருந்தால் பயமில்லை.

இரண்டாவது கோடு வந்து, அடிவயிற்றில் ஒருபக்கம் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் எனில் கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.