பிள்ளை காதைப் பொத்தும்போதே கவனியுங்கள்
கோலாலம்பூர், பினாங்கு தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பி.பி.எம். (மாணவர்களைக் கவனிக்கும் உதவியாளர்) நண்பர்களுக்கு இது.

கத்தல் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன்னால் பிள்ளை காதைப் பொத்தும், காலரைக் கடிக்கும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும். அப்போதே கேண்டீன் சத்தத்தைவிட்டு வெளியே கூட்டிப் போய்விடுங்கள்.

வெடித்த பிறகு அறிவுரை ஏறாது. எதிரே நிற்காமல் பக்கவாட்டில், ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். "உட்காரு. தண்ணி குடி." இவ்வளவு போதும். சொல்லிவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். உடனே மறுபடி சொன்னால் அதுவும் இரைச்சல்தான். மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள், இவனை இழுக்காதீர்கள். அடங்கியதுமே "சாரி சொல்லு" என்று நிற்பதுதான் பல நேரம் அடுத்த வெடிப்பைக் கொண்டுவருகிறது.

அன்றைக்கே எழுதி வையுங்கள்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. எழுதச் சொன்னதும் அவன் கத்த, அதனால் வகுப்பைவிட்டு வெளியே போக முடிந்தால் நாளைக்கும் கத்துவான். எழுதச் சொன்ன 5 வரியை 2 ஆக்குங்கள், முடித்ததும் வெளியே போகட்டும்.