உழைப்பு இருந்தும் ஊக்கம் வற்றுவது ஏன்?

தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் ஆசிரியர் அறையில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகள்தான் காதில் விழும்: "நல்லாப் படிக்கிற பிள்ளை", "இவனுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை." உயிரியல் ஆசிரியையான நான் இந்த இரண்டாவது தீர்ப்பைப் பல ஆண்டுகளாகச் சந்தேகத்துடனேயே கேட்டு வருகிறேன். அக்கறையற்றவர்கள் என்று ஒதுக்கப்படும் மாணவர்களில் கணிசமானோர் ஒரு காலத்தில் இரவு பகலாக உழைத்து, அந்த உழைப்புக்கு ஏற்ற பலனைக் காணாமல் சலித்துப் போனவர்கள். ஊக்கம் குறைந்ததால் படிப்பு கெட்டது என்று நாம் சொல்லும் இடங்களில், படிக்கும் முறை பிசகியதால்தான் ஊக்கம் வற்றியது என்பதே பல நேரங்களில் உண்மையாக இருக்கிறது.

இரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைப் பலமுறை படித்தும் மதிப்பெண் ஏறாத ஒரு மாணவியின் பாடநூலை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என மூன்று நிறங்களில் கோடுகள். கோடு விழாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நூலை மூடி வைத்துவிட்டு, உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்துக்குள் நுழைந்து மீண்டும் உடலுக்குச் செல்லும் வழியை ஒரு வெள்ளைத்தாளில் வரையச் சொன்னேன். நான்கு அறைகளும் அழகாக வந்தன. பெருஞ்சிரையிலிருந்து வலது ஆரிக்கிள், அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள் என்று அம்புக்குறி தயக்கமின்றி இறங்கியது; அதன்பின் நேராக இடது வெண்ட்ரிக்கிளுக்குத் தாவியது. நுரையீரல் படத்திலேயே இல்லை. "படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, மிஸ்" என்றார். அதில் பொய்யில்லை. மறுபடி மறுபடி கண்ணில் பட்ட வரி பழகிய முகம்போல் தோன்றும். ஆனால் பழகிய முகத்துக்கெல்லாம் பெயர் நினைவுக்கு வந்துவிடுவதில்லை.

இந்த மயக்கத்தை ரோடிகர், கார்பிக்கி ஆகிய இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் தொடர்ந்து நான்கு முறை படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் அதில் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினர்: அவர்களுக்கு 83 விழுக்காடு, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 40 விழுக்காடே எஞ்சியிருக்க, எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தனர். இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு செய்தி. தமக்குத்தான் அதிகம் நினைவிருக்கும் என்று முன்கூட்டியே நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. தேர்வுக்கு முந்தைய இரவில் நம்பிக்கையோடு உறங்கச் சென்று, மறுநாள் வினாத்தாளின் முன் திகைத்து நிற்கும் மாணவர் அடுத்த முறை தன் முறையைச் சந்தேகிப்பதில்லை. தன் மூளையையே சந்தேகிக்கிறார்.

ஜெர்மனியில் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை மாணவர்களின் கணிதத் திறனைத் தொடர்ந்து கவனித்து, முராயாமாவும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சந்தேகத்துக்கு நல்ல பதில். தொடக்கத்தில் யார் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதோடு நுண்ணறிவுக்கு வலுவான தொடர்பு இருந்தது. அதன்பின் யார் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதோடு தொடர்புடையவையாகத் தெரிந்தவை உள்ளார்ந்த ஆர்வம், முயன்றால் முடியும் என்ற நம்பிக்கை, பொருளுணர்ந்து படிக்கும் முறை ஆகியவையே.

ஆனால் முறையை மாற்றச் சொல்வது எளிதன்று. நூலை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது கடினம். அதைவிட, தெரியாதது முகத்தில் அறைவதுபோல் வெளிப்பட்டுவிடும். இந்தச் சங்கடத்தைத் தாங்க ஓரளவு தன்னம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கையோ இந்த மாணவர்களிடம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். மேடைப் பேச்சுகளால் அதை ஏற்றிவிடலாம் என்று பள்ளிகள் நம்புகின்றன; ஊக்கப் பேச்சாளரை அழைத்து ஒரு முற்பகல் முழுவதையும் செலவிடும் வழக்கத்தில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒருவரது தன்னம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று அவரே செய்து முடித்த செயலின் அனுபவம்தான், பிறர் சொல்லும் ஊக்கமொழிக்கு அந்த அளவு வலு இல்லை என்று உளவியலாளர் பாண்டுரா 1977இலேயே எழுதினார்.

ஆகவே வகுப்பின் முதல் சில நிமிடங்களில் முந்தைய பாடத்திலிருந்தும், சில வாரங்களுக்கு முந்தைய பாடத்திலிருந்தும் ஓரிரு கேள்விகளை வெற்றுத்தாளில் எழுதச் சொல்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது. தாளை நான் வாங்குவதும் இல்லை. மாணவர்களே நூலைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்த்துக்கொள்கிறார்கள். பரிசு வைத்தால் இன்னும் சுறுசுறுப்பாக எழுதுவார்களே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையரிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்த பிறகு, பரிசு இல்லாத வேளையில் அவர்கள் வரைவது குறைந்ததை லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் காட்டினார்கள். அரும்பும் ஆர்வத்துக்கு விலை வைக்க எனக்கு மனமில்லை.

அந்த மாணவியின் தாள்களில் வேறு நிற மை குறைந்து வந்ததை முதலில் கவனித்தவர் அவரேதான். நுரையீரலைத் தாண்டி அம்புக்குறி இடது ஆரிக்கிளுக்குச் சரியாகத் திரும்பிய நாளுக்குப் பிறகு, சிறுநீரகப் பாடத்தை நான் தொடங்கும் முன்பே அவர் கேள்விகளோடு வந்தார். எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. வீட்டுச் சூழலால் உறக்கமின்றி வருபவருக்கும், தான் விரும்பாத பாடப்பிரிவில் பிறர் வற்புறுத்தலால் சேர்ந்தவருக்கும் வெற்றுத்தாள் மருந்தாகாது. அவர்களிடம் பேச வேண்டியது வேறு, அதற்கு நாற்பது நிமிட வகுப்பில் இடமில்லை என்பதால் உணவு இடைவேளையைத்தான் பயன்படுத்துகிறேன்.