நகராட்சிப் பதிவேட்டில் இல்லாத கொள்ளுப்பாட்டி, வீட்டுப் பத்திரத்தில் கிடைத்தார்

குடும்ப வரலாறு தேடுகிறேன் என்று சொன்னாலே எல்லோரும் முதலில் கேட்பது "நகராட்சியில பிறப்புப் பதிவு பாத்தியா?" என்பதுதான். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு வழி திறந்தது வீட்டுப் பத்திரத்தில். எங்களைப் போல மூன்று தலைமுறைக்கு முந்தைய பெண்ணின் பெயர்கூடத் தெரியாமல் தேடுகிறவர்களுக்கு இந்த வழி உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

நான் தேடியது என் தாத்தாவின் அம்மாவை. தாத்தா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார், கொள்ளுத்தாத்தா மறுமணம் செய்துகொண்டார், அந்த இரண்டாவது பாட்டியின் பெயர், ஊர், சமையல் வரைக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாமவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தாத்தாவின் தங்கை ஒருவர் இருக்கிறார், இரண்டாம் தாரத்துப் பிள்ளை, எண்பதைத் தாண்டிவிட்டார், நாங்கள் அத்தைப்பாட்டி என்று கூப்பிடுவோம். அவருக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான்: "பெரியம்மா பிரசவத்துக்குப் போன இடத்துல போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க." எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டால் தெரியவில்லை.

எங்கள் குடும்பம் இருந்தது பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் ஒரு நகராட்சியில். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மாயவரம், மன்னார்குடி எல்லாமே 1866-லேயே நகராட்சி ஆனவை. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்பைப் பதிவு செய்ய 1899-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதனால் 1919, 1920 வாக்கில் பிறந்த தாத்தாவின் பதிவு இருக்க வேண்டும், அதில் அம்மா பெயர் இருக்கும் என்பதுதான் என் கணக்கு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த பிறந்த தேதியை வைத்து மனுக் கொடுத்தேன். பள்ளித் தேதியை அப்படியே நம்ப முடியாது, ஒண்ணாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது அந்தக் காலத்தில் சகஜம், அதனால் முன்பின் சில வருடங்களுக்கும் சேர்த்துத் தேடச் சொல்லி ஒவ்வொரு வருடத்துக்கும் தேடுகட்டணம் கட்டினேன். அங்கிருந்த ஊழியர் பொறுமையாகப் பார்த்தார். பிறந்த உடனே பதிவு செய்வதால் குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், அப்பா பெயரையும் தெருவையும் வைத்துத்தான் தேட வேண்டும் என்றார். தேடினார், இல்லை. பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, அடுத்து என்ன செய்வது? வீடு.

தாத்தா வாழ்ந்த வீட்டை 1983-ல் விற்றுவிட்டார். இப்போது அங்கே இருப்பவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், காப்பி கொடுத்து உட்கார வைத்து வீட்டு வரி ரசீதையும் எடுத்துக் காட்டினார்கள். அதிலிருந்து வார்டு எண்ணும் கதவு எண்ணும் கிடைத்தன. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் இடங்களுக்கு நகர நில அளவைப் பதிவேடு என்று தனியாக உண்டு. வார்டு, பிளாக், நகர சர்வே எண் மூன்றும் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே அதன் நகலைப் பார்க்கலாம். இந்த சர்வே எண்தான் சாவி. கதவு எண் பல முறை மாறியிருக்கும், தெருப் பெயரில் இருந்த சாதிப் பெயரை எடுத்திருப்பார்கள். அவற்றை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் நின்றுவிடும்.

சர்வே எண் கையில் வந்ததும் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டேன். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 1983 விற்பனை வந்தது. அந்தப் பத்திரத்துக்கு நகல் மனுப் போட்டு வாங்கினேன். ஒவ்வொரு கிரயப் பத்திரமும் இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது என்று சொல்லித்தான் ஆரம்பிக்கும், முந்தைய பத்திரத்தின் ஆண்டையும் எண்ணையும் அங்கே குறித்திருப்பார்கள். நம்முடையதிலும் இருந்தது: 1934-ல் பதிவான ஒரு கிரயப் பத்திரம். எண் தெரிந்துவிட்டதால் அதற்கும் நகல் கேட்டேன். கொடுக்க மாட்டார்களோ என்று யாரும் தயங்க வேண்டாம், 1908 பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் இருக்கும் மூன்றாம் புத்தகம், எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் திறக்கும். பத்திர எண் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது: இன்டெக்ஸ் 1 என்பது ஆள் பெயர் வாரியான அட்டவணை, இன்டெக்ஸ் 2 சொத்து வாரியானது. பெயர் வாரியாகத் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், அதனால் ஒரே பெயர் 1890-லும் வரும், 1940-லும் வரும். தகப்பனார் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தத் தலைமுறை என்று பிரியும்.

1934 பத்திரத்தின் நகலைப் படிப்பதற்குள் கண் வலித்துவிட்டது. கையெழுத்துப் படி, புள்ளி கிடையாது, வரி முடியும் இடம் தெரியாது. தேதியில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படி என்பதற்கு ௸. இந்த ஐந்து குறிகளையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேகமாகப் போகும். ஆங்கில வருஷத்தோடு பவ வருஷம் ஆனி மாதம் என்று தமிழ்த் தேதியும் இருந்தது, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வீட்டை வாங்கியவர் என்று அதில் இருந்தது கொள்ளுத்தாத்தா பெயர் இல்லை. பதினாலு வயது மைனரான என் தாத்தாவின் பெயர். "மேற்படி மைனருக்குத் தகப்பனாரும் கார்டியனுமான" என்றுதான் கொள்ளுத்தாத்தா வருகிறார். பணம் எங்கிருந்து வந்தது என்றும் எழுதியிருந்தது: மைனரின் தாயார், சுமார் பதினோரு வருஷத்துக்கு முன் காலஞ்சென்றவர், அவருக்கு அவருடைய தகப்பனார் மஞ்சள்காணியாக (கல்யாணத்தில் மகளுக்குச் சீதனமாகத் தரும் நிலம்) கொடுத்த மூன்று மா நஞ்சையை விற்று வந்த தொகை. அந்த விற்பனையின் பத்திர எண், பதிவான அலுவலகம், கிராமத்தின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய பெயர்.

பெயரை இங்கே எழுதவில்லை, அது எங்கள் குடும்பத்துக்குள் இருக்கட்டும். அந்தக் கிராமத்து அம்மன் பெயர்தான்.

மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர் (இருபது மா ஒரு வேலி, அது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு). எங்கள் வீட்டில் இதுவரை எல்லோரும் சொல்லி வந்தது கொள்ளுத்தாத்தா வியாபாரத்தில் சம்பாதித்து வாங்கிய வீடு என்று. அப்பாவும் அப்படித்தான் நம்பினார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போன அத்தனை பேரும் இவர் மஞ்சள்காணியில் வாங்கிய கூரைக்குக் கீழேதான் இருந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் இவர் பெயர் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு ரொம்பக் கோபமாக இருந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

நிலத்தை விற்ற பத்திரம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தது, சொத்து எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய அலுவலகத்தில்தானே பதிவாகும். தஞ்சாவூர் ஜில்லா என்று பழைய பத்திரத்தில் இருந்தால் இன்றைக்கு எந்த மாவட்டம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று பிரிந்துவிட்டது. அந்தப் பத்திரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பொக்கிஷம் நான்கெல்லை. கிழக்கே வாய்க்கால், தெற்கே கோயில் நிலம், மேற்கே வேறு ஒருவர், வடக்கே "மைனரின் தாய்மாமன்" நிலம் என்று அவர் பெயரோடு. ஆக கொள்ளுப்பாட்டிக்கு ஒரு சகோதரர் இருந்திருக்கிறார்! பழைய பத்திரம் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எல்லையையும் சாட்சிக் கையெழுத்தையும் படியுங்கள், சொந்தக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

கிராமத்தின் பெயர் தெரிந்த பிறகுதான் நகராட்சியில் தாத்தாவின் பதிவு ஏன் இல்லை என்பது புரிந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். தாத்தா பிறந்ததே அம்மாவின் ஊரில், அதனால் பதிவும் அங்கேதான். அந்தக் காலத்துக் கிராமங்களில் பிறப்பு இறப்பைப் பதிந்தவர் கிராம முன்சீப். 1980-ல் கர்ணம், முன்சீப் பதவிகளையெல்லாம் ஒழித்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தார்கள், அந்த மாற்றத்தில் பழைய கணக்குகள் எங்கெங்கோ போயின. எந்த அலுவலகத்தில் கேட்பது என்று அலையாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்தக் கிராமத்தின் 1915 முதல் 1925 வரையிலான பிறப்பு இறப்புப் பதிவேடுகள் எந்த அலுவலகத்தின் பாதுகாப்பில் உள்ளன என்று மட்டும் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் விஷயத்தில் அவை அந்தப் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. சுற்றி வளைத்துக் கதை சொல்லாமல் இப்படி ஒரே கேள்வியாகக் கேட்பது நல்லது.

1919 நவம்பரில் ஓர் ஆண் குழந்தை, பெயர்க் கட்டம் காலி, அப்பா கொள்ளுத்தாத்தா, அம்மா இவர். பள்ளித் தேதிக்கும் இதற்கும் ஒரு வருடத்துக்கு மேல் வித்தியாசம்.

பத்திரத்தில் இருந்த "பதினோரு வருஷம்" கணக்கை வைத்து 1923-ஐச் சுற்றி இறப்புப் பதிவைத் தேடச் சொன்னேன். கிடைத்தது. வயது இருபத்திரண்டு. எதனால் இறந்தார் என்று நகலில் இருக்காது, 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இறப்புக்கான காரணத்தை நகலில் காட்டக் கூடாது என்கிறது. யாரும் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் வாங்க உரிமை கொடுப்பதும் அதே பிரிவுதான். எனக்கு அத்தைப்பாட்டி சொன்ன பிரசவம் மனதில் இருந்ததால் அதே மாதத்துப் பிறப்புப் பதிவையும் பார்க்கச் சொல்லி மனுக் கொடுத்தேன். அவர் இறப்பதற்கு நான்கு நாள் முன்பு ஒரு பெண் குழந்தை. அடுத்த மாதத்து இறப்புப் பதிவில் அந்தக் குழந்தையும் இருக்கிறது, பெயரில்லாமல், அப்பா பெயரோடு. காரணம் எழுதாவிட்டாலும் மூன்று நகல்களையும் தேதி வரிசையில் வைத்தால் போதும். மஞ்சள்காணி ஏன் மகனுக்குப் போனது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. பெண் குழந்தை பிழைத்திருந்தால் அம்மாவின் ஸ்ரீதனம் அவளுக்குத்தான் முதலில் போயிருக்கும்.

அத்தைப்பாட்டியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னார். "எங்கண்ணனுக்கு ஒரு தங்கச்சி எனக்கு முன்னாடியே இருந்திருக்கா" என்றார். இந்த வருடம் மஹாளயத்தில் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லிவிட்டார், குழந்தைக்குப் பெயர் இல்லையே என்றதற்கு அம்மாவின் பெயரையே சொல்லுங்கள் என்று அவரே முடிவும் செய்துவிட்டார்.

இப்போது தாய்மாமன் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு, நிலத்தை விற்ற பத்திரத்தில் இருக்கும் எண்ணை அதோடு பொருத்தி, வடக்கு எல்லை நிலம் இன்று யார் பட்டாவில் இருக்கிறது என்று பார்த்தேன். பட்டாதாரரின் தகப்பனார் பெயரும் தாய்மாமன் பெயரும் ஒன்றாக இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் கணக்குப்படி பார்த்தால் இவர் தாய்மாமனின் கொள்ளுப்பேரனாக இருக்கலாம், நிலம் கைமாறி வேறு குடும்பத்துக்குப் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அந்த நிலத்துக்கு வில்லங்கம் போட்டிருக்கிறேன், சான்று வந்ததும் பத்திர நகல்களை எடுத்துக்கொண்டு அப்பாவோடு அந்த ஊருக்குப் போகப்போகிறேன்.