கழுவிக் கெடுத்த ஃபில்டர்

அப்பச்சிக்கு வயது நிறைவுச் சாந்தி விசேஷம். காரைக்குடி வீட்டை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, ஆத்தங்குடிக் கல்லில் முகம் தெரியும் அளவுக்குத் துடைத்தாயிற்று. முகப்பில் இருக்கும் மீன்தொட்டி மட்டும் பாசியோடு நிற்கலாமா என்று நான்தான் ஆரம்பித்தேன்.

நான்கு வருடத் தொட்டி. மூன்றடி நீளம், மணல், கல் போக 170 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியைச் சுரண்டினேன், மணலில் இருந்த அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஃபில்டர் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குழாயடிக்குக் கொண்டுபோய், தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். அன்றைக்குக் குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாடை தூக்கல். மறுநாளே மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லை. விசேஷத்துக்கு வந்த பிள்ளைகள் வேறு ஆளாளுக்கு இரை போட்டார்கள். பிறகு மணலைக் கிளறியபோது ஒரு சீப்புச் சீடைகூட ஊறிக் கிடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஏஞ்சல் மீன்கள் நான்கும் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் முட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. மத்தியானத்துக்குள் ஒன்று போய்விட்டது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, காப்பி டிக்காஷன் போல ஒரு பழுப்பு.

மீன்கடைக்காரர் பார்க்காமலேயே, "தண்ணிய முழுசா மாத்திட்டு இந்த நீல மருந்த ஊத்துங்கண்ணே" என்றார். வாங்கிவிட்டேன், ஆனால் மூடியைத் திறக்கவில்லை. முதலில் சொட்டு டெஸ்ட் போட்டேன்; தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது. அம்மோனியா 0.25 பிபிஎம்தான் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நைட்ரைட் டெஸ்ட் குழாயில் ஐந்து நிமிடத்தில் கவுனி அரிசி ஊறவைத்த தண்ணீர் நிறம் வந்துவிட்டது. அட்டையில் 2 பிபிஎம். பழகிய தொட்டியில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இரண்டும் பெரும்பாலும் குடியிருப்பது அந்தப் பஞ்சிலும் வளையங்களிலும்தான். நான் 'அழுக்கு' என்று பிழிந்துவிட்டது அவற்றைத்தான். மிச்சம் இருந்ததை எட்டு மணி நேரம் தண்ணீர் ஓடாத ஃபில்டர் தீர்த்துக்கட்டியது. முதல் கூட்டம் சீக்கிரம் தேறிவிடும், இரண்டாவது மெதுவாகத்தான் பெருகும். இடையில் நைட்ரைட் தேங்கும். அது செவுள் வழியே ரத்தத்தில் கலந்தால், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் ரத்தத்தால் சுமக்க முடியாது. அந்தப் பழுப்பு நிறம் அதனால்தான்.

அன்று சாயங்காலமே பாதித் தண்ணீரை மாற்றினேன். அப்பத்தா, "வளவுல பிடிச்ச மழைத்தண்ணி செப்புக் கிடாரத்துல கிடக்குப்பா, அத ஊத்தேன்" என்றார். அன்பாகச் சொன்னதை மறுக்கக் கஷ்டமாக இருந்தது. செம்பு மீனுக்கு விஷம். மழைநீரில் காரத்தன்மையும் குறைவு. இந்த பாக்டீரியா வேலைக்கு அது வேண்டும். குழாய்த் தண்ணீரிலேயே குளோரின் நீக்கி போட்டு ஊற்றினேன்.

அடுத்தது கல்லுப்பு. உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். நைட்ரைட்டைப் போலப் பத்து மடங்கு குளோரைடு இருந்தாலே போதும் என்பார்கள். நான் 50 கிராம் கரைத்து ஊற்றினேன், அது தாராளம். உப்பு ஆவியாகாது, அதனால் வற்றிய தண்ணீருக்கு ஈடு ஊற்றும்போது மறுபடி போடக் கூடாது, மாற்றிய தண்ணீரின் கணக்குக்கு மட்டும் போட வேண்டும். இரவுக்குள் மீன்கள் மேலே வாய் வைப்பதைக் குறைத்துக்கொண்டன. அந்த நீல மருந்தும் நைட்ரைட் ஏறிய மீனின் ரத்தத்தைச் சரிசெய்யும்தான், ஆனால் தனி வாளியில் வைத்துப் பார்க்க வேண்டிய வைத்தியம். தொட்டியில் ஊற்றியிருந்தால் மிச்ச பாக்டீரியாவும் செடியும் போயிருக்கும்.

தேவகோட்டையில் மீன் வளர்க்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரிலிருந்து ஒரு பழைய பஞ்சைக் கேட்டு வாங்கினேன். அவர் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு, தூக்குச்சட்டியில் பஸ்ஸில் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் குழம்பு என்று நினைத்திருப்பார். அதை என் ஃபில்டரில் திணித்து, காற்று மோட்டார் இன்னொன்றும் போட்டேன். நான்கு நாள் இரையே கிடையாது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை.

தினமும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றினேன். நைட்ரைட்டும் அந்த அளவுக்கு இறங்கும், மறுநாள் ஏறிக்கொள்ளும். பத்தாம் நாள்தான் ஏறுவது நின்றது. பதினேழாம் நாள் டெஸ்ட் குழாயில் வெளிர்நீலம், அதாவது நைட்ரைட் பூஜ்யம்.

இப்போது கரண்ட் போனால் ஓடும் பேட்டரி மோட்டார் ஒன்று தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மிச்சம் மூன்று ஏஞ்சல்கள். போன வாரம் அப்பத்தா ஃபில்டரைக் காட்டி, "அந்தக் கருப்புப் பஞ்ச எப்பத்தான் கழுவப் போற?" என்றார். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் பாதிப் பஞ்சை மட்டும் இரண்டு தரம் அமுக்கி எடுத்துத் திரும்ப வைத்தேன். மறுபாதி அடுத்த மாதம்.