சூரியன் அண்ணனா, தம்பியா?

இத்தாலியின் அசிசி நகருக்குக் கீழே, ஒலிவ மரங்களுக்கு நடுவே இறங்கும் பாதையில் சான் தமியானோ கோவில். 1225-ல் அசிசியின் துறவி புனித பிரான்சிஸ் இங்கேதான் நோயோடு படுத்திருந்தார். பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பகலில் வெயிலையும் இரவில் விளக்கையும் கண் தாங்கவில்லை. அந்த நிலையில்தான் சூரியனைச் சகோதரன் என்று அழைத்து இறைவனைப் புகழ்ந்து பாடினார். அங்கே மண்டியிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பாட்டில் சூரியனும் காற்றும் நெருப்பும் சகோதரர்கள். நிலாவும் தண்ணீரும் சகோதரிகள். நிலம் சகோதரி, தாயும் அவளே. தமிழில் செபிக்கும்போதுதான் எனக்குத் தடங்கல். சகோதரன் என்று வீட்டில் யார் கூப்பிடுகிறோம்? அண்ணனா தம்பியா, அக்காவா தங்கையா என்று தெரிந்தால்தானே வாயில் உறவு வரும்!

மறுநாள் சுபாசியோ மலையிலுள்ள கார்ச்சேரி துறவிமடத்துக்கு நடந்தேன். சுமார் 4 கிலோமீட்டர் ஏற்றம். வழியெல்லாம் உலகப் படைப்பைச் சொல்லும், விவிலியத்தின் தொடக்கநூல் முதல் அதிகாரமே மனதில் ஓடியது. மூன்றாம் நாள் மரம், செடி. நான்காம் நாள் சூரியன், நிலா. ஐந்தாம் நாள் மீன், பறவை. ஆறாம் நாள் விலங்குகள், அதற்கும் அப்புறம்தான் மனிதன். அப்படியென்றால் எல்லோருமே நமக்கு மூத்தவர்கள். சூரியன் அண்ணன், நிலா அக்கா. நாம் கடைக்குட்டி.

பூமியை ஆளுங்கள் என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது, சரி. கடைக்குட்டியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தது மூத்தவர்களைத் தெருவில் தள்ளவா?

பிரான்சிஸ் மரத்தைக் கடவுள் என்று சொல்லவில்லை. ஆனால் விறகு வெட்டும் தம் துறவுச் சகோதரர்களிடம், மறுபடி துளிர்க்கும்படி அடிமரத்தை விட்டுவையுங்கள் என்றார். பாதையில் கிடந்த புழுவைக் கூட, மிதிபடாமல் எடுத்து ஓரமாக விட்டார். அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா இவற்றைச் சொல்கிறார்.

கார்ச்சேரியில் அவர் செபித்த குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். வெளியே இரும்புத் தாங்கிகளில் சாய்ந்தபடி ஒரு முதிய ஓக் மரம். அதிலிருந்த பறவைகளை அவர் ஆசீர்வதித்தார் என்பது மரபு. அதனடியில் உட்கார்ந்து, அண்ணன், அக்கா என்றே அந்தப் பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். தடங்கலே இல்லை, கடைசிப் பகுதி வரும்வரை. 1226 அக்டோபர் 3 அன்று இறப்பதற்குச் சற்று முன்பு அவர் சேர்த்தது அது. மரணத்தையும் சகோதரி என்கிறார். அவள் மனிதனுக்குப் பிறகு வந்தவள். தங்கை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இலைகள் அசைந்துகொண்டிருந்தன. வெகுநேரம் கழித்துச் சொன்னேன்.