மொறிஸ் மைனர்: 803-ஐயும் 948-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது

இந்தக் கிழமை வேலை ஓரளவு நகர்ந்திருக்கிறது. எங்கள் மொறிஸ் மைனர் காரின் பழைய 803 சிசி எஞ்சின் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் போட, பழைய மைனர் வான் ஒன்றிலிருந்து கழற்றிய 948 சிசி எஞ்சினும் அதன் பக்கத்தில் மேசையில் ஏறிவிட்டது. இரண்டையும் ஒன்றாகத் திறந்து பார்க்கிற வாய்ப்பு எப்போதும் கிடைக்காது என்பதால், பூட்டத் தொடங்க முன்னர் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

மைனர் 1948-இல் வந்தபோது அதில் இருந்தது 918 சிசி பக்கவால்வு எஞ்சின். 1952-இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே நிறுவனமான பிறகு, ஒஸ்ரின் ஏ30-இல் ஓடிய 803 சிசி எஞ்சின் மைனருக்கு வந்தது. 1956-இல் 948, 1962-இல் 1098. வெளியிலிருந்து பார்த்தால் 803, 948, 1098 மூன்றையும் பிரித்தறிவது கஷ்டம். 803-இன் சிலிண்டர் விட்டம் 58 மில்லிமீற்றர், 948-இன் விட்டம் 63. பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 76 மில்லிமீற்றர்தான். அந்த ஐந்து மில்லிமீற்றருக்கு இடம் எடுக்க, முதலாம் இரண்டாம் சிலிண்டர்களுக்கு நடுவிலும் மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவிலும் தண்ணீர் போகிற வழியை எடுத்துவிட்டார்கள். 30 குதிரைவலு 37 ஆனது.

வலுவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு எஞ்சினுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒயில் போகிற பாதையில்தான் இருக்கிறது.

803-இல் பம்ப் தள்ளுகிற ஒயில் நேரே, கிராங்கைத் (பிஸ்ரன்கள் சுற்றுகிற தண்டு) தாங்குகிற பெயரிங்குகளுக்குப் போகிறது. அதில் ஒரு சிறு பங்கு மட்டும் பில்டருக்குள் போய், சுத்தமாகி, திரும்பவும் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் விழுகிறது. அதாவது, கிராங்கைத் தொடுகிற ஒயில் அந்தச் சுற்றில் பில்டரைக் கண்டிருக்க வேண்டும் என்றில்லை. இது கவனக்குறைவான வடிவமைப்பு இல்லை. 803-இன் பெயரிங் மேல்பூச்சு மெத்தையான வெள்ளை உலோகம். சின்னத் தூசி வந்தால் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும், கிராங்கில் கீறல் விழாது. 948-க்குக் கிராங்கின் பெரிய முனைகளை, அதாவது பிஸ்ரன் தண்டுகள் கிராங்கில் பூட்டுகிற இடங்களைத் தடிப்பாக்கி, கூடுதல் பாரம் தாங்குகிற ஈய-இண்டியம் பெயரிங் போட்டார்கள். அந்த வகை தூசியை அவ்வளவு சுலபமாக விழுங்காது. அதனால்தான் கூடவே முழு ஒயிலும் முதலில் பில்டருக்குள்ளால் போய்ப் பிறகு பெயரிங்குக்குப் போகிற ஏற்பாடும் வந்தது. ஒன்றில்லாமல் மற்றது நிலைக்காது.

எங்கள் 803-ஐத் திறந்தபோது இது கண்ணுக்கு முன்னாலே தெரிந்தது. பெரிய முனைப் பெயரிங் ஓடுகளில் கருநிறப் புள்ளிகள் நிறையப் பதிந்திருந்தன. நகத்தால் தடவினால் முட்டுப்படும். கிராங் மட்டும் நல்ல மினுக்கத்தோடு இருந்தது. சிலிண்டரின் மேல்விளிம்பில் விரல் தடக்குகிற அளவுக்குப் படி விழுந்திருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி, அங்கே இருக்கிற ஒயிலையும் தண்ணியாக்கிவிடும். எந்தப் பில்டராலும் அதைப் பிரிக்க முடியாது. அந்தக் காலத்தையும் தாங்கி இந்த எஞ்சின் ஓடியிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

இனி 948. ஒயில் பம்ப், வால்வுகளைத் திறக்கிற காம் சாப்டின் பின்முனையில் இருக்கிறது. அதைத் தொட கிளச், பிளைவீல், பின்தகடு எல்லாம் கழற்ற வேண்டும். எஞ்சின் வெளியே இருக்கிறபோது பார்க்காவிட்டால் பிறகு பார்க்கவே மாட்டோம். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான பீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். பம்புக்குள் சுழல்கிற உள் வெளி ரோட்டர்களின் பற்களுக்கு இடையில் 0.15 மில்லிமீற்றர் வரை இருக்கலாம், பக்கவாட்டு இடைவெளி 0.127 வரை. இரண்டும் அளவுக்குள்தான். அழுத்த வால்வின் ஸ்பிரிங் மட்டும் புதிது போடுகிறேன்.

பில்டரில்தான் கூட நேரம் போனது. 948-இல் ஒரு கிண்ணம், நடுவில் நீளமான போல்ட். உள்ளே அடியிலிருந்து ஸ்பிரிங், இரும்பு வாஷர், ஃபெல்ட் வாஷர், தட்டு, அதற்குமேல் பில்டர். கையில் வந்த கிண்ணத்தில் ஃபெல்ட் வாஷர் இல்லை. பழைய பில்டரோடு சேர்த்து யாரோ எறிந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் போல்டைச் சுற்றியுள்ள இடைவெளியால் ஒயில் பில்டருக்குள் போகாமலே தாண்டிவிடும். அழுத்தம் சரியாகக் காட்டும், ஒயில் எச்சரிக்கை லைட் அணையும், வெளியில் ஒரு அறிகுறியும் இருக்காது. 948-இன் முக்கியமான முன்னேற்றத்தையே அந்தச் சின்ன வட்டம் இல்லாமல் இழந்துவிடுவோம். புதிது ஒன்று எடுத்துப் போட்டாயிற்று.

அதேபோல, கிண்ணத்தின் விளிம்பு பொருந்துகிற மேல்பக்கக் குழிக்குள் இருக்கிற றப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு வளையம் இருந்தன. மேலே இருந்ததை எடுத்தபின் குழி சுத்தம் என்றுதான் தெரியும். கீழே இருந்தது கருகி, குழியின் நிறத்துக்கே வந்திருந்தது. அப்படியே பூட்டினால் அந்த இடத்தால் ஒயில் பீய்ச்சும். திருகிப் பூட்டுகிற தகரப் பில்டருக்கு மாற்றுகிற அடாப்டரும் கிடைக்கிறது. இப்போதைக்குக் கிண்ணமே இருக்கட்டும். கீழ்நோக்கித் தொங்குவதால் ஒயில் நிரப்பியே பூட்டலாம், முதல் ஸ்ராட்டில் பெயரிங் காயாது.

கொக்குவிலில் இந்த எஞ்சின்களோடேயே வயதுபோன ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு, "தம்பி, லைட் அணைஞ்சா ஒயில் சரி எண்டு விடாதை, கேஜ் ஒண்டு பூட்டு" என்றார். கேஜ் என்றது ஒயில் அழுத்தமானியை. அவர் சொன்னது சரி. அந்த லைட் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும். சூடான எஞ்சின் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 றாத்தல் அளவிலும், கார் நிற்க எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிற ஐடிலில் 15-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அதை லைட் எப்படிச் சொல்லும்? ஒரு வழியை இரண்டாகப் பிரிக்கிற ரி-துண்டு ஒன்று போட்டு லைட்டையும் கேஜையும் சேர்த்தே பூட்டுகிறேன்.

பின்பக்க ஒயில் கசிவு பற்றியும் அவரிடம் கேட்டேன். இந்த எஞ்சின்களில் கிராங்கின் பின்முனையில் றப்பர் சீல் கிடையாது. கிராங்கிலேயே வெட்டிய திருகுமரை ஒன்று சுழலும்போது ஒயிலை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும், ஓரிரு சொட்டு விழத்தான் செய்யும். எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறினால் சொட்டு ஒழுக்காகிவிடும். அதனால் பக்க மூடியில் இருக்கிற மூச்சுக் குழாயைக் கழற்றி, உள்ளே இறுகியிருந்த கரியைக் கம்பியால் குத்தி எடுத்தேன். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டிய பிறகு மறுபக்கத்தால் வெளிச்சம் தெரிகிறது.

1098-ஐயும் பார்க்கச் சொல்கிறார்கள். 48 குதிரைவலு ஆசைதான். ஆனால் மைனரின் 1098-இல் பிஸ்ரன் ஓடுகிற தூரம் 84 மில்லிமீற்றராகக் கூடியும், கிராங்கைத் தாங்குகிற மெயின் பெயரிங்குகள் அதே 1.75 அங்குலத்தில்தான் இருக்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் நிதானமாக ஓட 948 தாராளம்.

அடுத்த வேலை: 20டபிள்யூ-50 மினரல் ஒயில் 3.7 லீற்றர் விட்டு, பிளக்குகளைக் கழற்றி, கேஜ் அசையும் வரை ஸ்ராட்டரில் சுற்றுவது. பில்டர் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போட மாட்டேன். முதல் ஒயிலை 500 கிலோமீற்றரில் இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்து, என்ன வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.