ப்ரீவீல் ஹப்பில் பிக்ஸட் பல்சக்கரம்: ஓட்டிப் பார்க்கும் கட்டம்

பழைய பெரிய சைக்கிளின் பின்சக்கரத்தை பிக்ஸட் கியராக (சக்கரம் சுழலும்வரை பெடலும் கூடவே சுழலும் அமைப்பு) மாற்றும் வேலை ஓட்டிப் பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் பல்சக்கரமான ப்ரீவீலைக் கழற்றுவதே பெரும்பாடு. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போயிருக்கும். கழற்றும் கருவியைக் காடிகளில் பொருத்தி, நழுவாதபடி அச்சு நட்டால் பிடித்து, கருவியை வைஸில் கவ்வவைத்தேன். பிறகு ரிம்மை இரு கைகளாலும் பிடித்துச் சக்கரத்தையே இடப்பக்கம் திருப்பினேன். 'டக்' என்று விட்டது. விட்டதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். மறந்து திருப்பினால் அச்சு கெடும்.

சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் உள்ள மரையின் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. பிக்ஸட் கியருக்கான டிராக் (பந்தயத் தடச் சைக்கிள்) பல்சக்கரத்துக்கும் அதே அளவுதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சுலபமாக ஏறிவிட்டதே என்று பலர் அப்படியே ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அசல் டிராக் ஹப்பில் பல்சக்கரத்தின் மேல் பூட்டும் வளையமான லாக் ரிங்குக்கென்று தனியாக இடது மரை (எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகுவது) உண்டு. பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்த்தால், லாக் ரிங் இன்னும் இறுகும். சாதாரண ஹப்பில் அது கிடையாது. பெடல் அச்சின் லாக் ரிங்கை மேலே பூட்டலாம். ஆனால் இரண்டும் வலது மரை என்பதால் சேர்ந்தே கழலக்கூடும்.

மரையை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினேன். மரைப் பசை தடவி, பழைய செயின் துண்டு பூட்டிய இரும்புப் பட்டையால் பல்சக்கரத்தை இறுக்கினேன். பசை காய்வதற்குள் மேட்டில் அழுத்தி மிதித்துவிட்டு, லாக் ரிங்கை மறுபடி இறுக்கினேன். அச்சு வாஷர்களை இடம் மாற்றிச் செயினை நேர்கோட்டில் கொண்டுவந்தேன். அதற்கேற்பக் கம்பிகளை முறுக்கி ரிம்மையும் நடுவுக்கு நகர்த்த வேண்டியிருந்தது.

முன், பின் பிரேக் இரண்டும் வண்டியில் இருக்கின்றன. வேகத்தைக் குறைப்பது அவற்றால் மட்டுமே, காலால் அல்ல. பிரேக் இல்லாமல் இந்த ஹப்பை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. வளைவில் பெடல் தரையில் இடிக்கும், சாய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் சக்கரம் சுழலும்போது செயின் அருகே விரலையோ துணியையோ கொண்டுபோகவே கூடாது. இழுத்த விரலை அது விடாது.

அடுத்து டிராக் ஹப் வாங்க வேண்டும். என் பின் ரிம்மில் 40 துளைகள். கடையில் விசாரித்த ஹப்புகளில் 32 அல்லது 36 துளைகள்தான். ஆகவே ரிம்மும் புதிதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.